சங்கு உடையவில்லை

அத்தியாயம் ஆறு

அந்த அறையில் எதைத் தொட்டாலும் கை ஒட்டியது. கதவுப் பிடி ஒட்டியது. நாற்காலிக் கை ஒட்டியது. பாலாடை படிந்து கிடந்த தேநீர்க் கோப்பை மேஜையோடு மேஜையாக ஒட்டிப்போயிருந்தது. ஒட்டாத ஒரே பொருள் ரிக்கார்டு சுழலும் தட்டுதான். அதை மட்டும் கண்ணாடி மூடிக்குள் வைத்து, மெல்லிய துணி போர்த்தி, புதுப்பெண்ணைப் போல் பாதுகாத்து வைத்திருந்தார் கடைக்காரர்.

மேஸ்திரி தோல் ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். சின்ன வயதிலேயே சுண்ணாம்புத் தொட்டி ஓரம் நின்று, தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டியவர். நாற்றத்துக்கு முகம் சுளிக்கிற ஆள் இல்லை. ஆனால் வேலை செய்த இடத்து நாற்றம் வேறு, வேலையைத் தட்டிக்கழித்த இடத்து நாற்றம் வேறு. இது இரண்டாவது. கதவைத் திறந்தபோதே அவருக்குக் குமட்டியது.

பதினெட்டு வருடம் தோல் கட்டு எண்ணும் மேஸ்திரியாக இருந்து, அங்கே நடந்த திருட்டுகளைப் பிடித்துப் பிடித்தே துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் அவர். வாசலில் 'துப்பறிவாளர்' என்று பலகை மாட்டியும் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மேஸ்திரி மேஸ்திரிதான். அவருடைய உதவியாள் இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த பெண்மணி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். வாய் இன்னும் பெறவில்லை.

"மேஸ்திரி, அந்த நாற்காலில உட்காராதீங்க" என்றாள் கண்டக்டர். "எந்திரிக்கும்போது அதுவும் கூட வரும்."

"நான் நிக்கிறேன்."

"தரையும் ஒட்டுது. நகர்ந்துக்கிட்டே நில்லுங்க."

கடைக்காரர் சிரிக்கவில்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. பழைய ரிக்கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பதுதான் அவர் தொழில். வட்டாரத்தில் அவருக்கு ஊசி என்று பெயர். தலைக்கு மேல் ஒரு பலகை தொங்கியது: 'கண் எடுக்காமல் பதிவு செய்யப்படும்.'

"நான்தான் சொல்லிட்டேனே சார்" என்றார் ஊசி. "ரிக்கார்டே அப்படித்தான் இருந்துச்சு. கூட்டம் கை தட்டிருக்கு, மைக் தாங்கல, சத்தம் உடைஞ்சிருச்சு. என் மேல என்ன தப்பு?"

விஷயம் இதுதான். தோல் ஆலைக்குப் பின்னால் எழுபது வீடுகள். நாற்பது வருடத்துக்கு முன் ஆலையின் வெள்ளி விழாவில் பெரிய முதலாளி மேடையேறி, அந்த வீடுகள் நிற்கும் நிலம் தொழிலாளிகளுக்கே என்று அறிவித்தார். இப்போது அவர் இல்லை. பேரன் வந்தான், காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினான், தாத்தா அப்படிச் சொன்னதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டான். அத்தாட்சி இருந்தது. விழா நிகழ்ச்சியைப் பதிவு செய்து சில ரிக்கார்டுகள் அடித்து, மேற்பார்வையாளர்களுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தது ஆலை. அதில் மிஞ்சிய ஒன்று கண்டக்டரின் அக்கா வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. அதைப் போட்டுக் கேட்கிற பெட்டி அந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை.

அக்கா அதைக் கழற்றித் துடைத்து, குடியிருப்புக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வைத்தாள். சங்கச் செயலாளர் வாங்கிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தார். நகல் எடுத்து விசாரணை அதிகாரியிடம் கொடுத்தார். அதிகாரி போட்டுக் கேட்டபோது வரவேற்புரை தெளிவாக இருந்தது, வாழ்த்துப்பாட்டு தெளிவாக இருந்தது. நிலத்தைப் பற்றிப் பேசும் இடம் வந்ததும் மட்டும் தகரத்தைக் கிழிப்பது போல ஓர் இரைச்சல். ஒரு வார்த்தை புரியவில்லை. அசலைக் கொண்டுவாருங்கள் என்றார் அதிகாரி. கடையிலேயே விட்டிருந்த அசலை எடுத்துக்கொண்டு இந்தக் கடை மாடிப்படியில் இறங்கும்போது, முகம் தெரியாத இரண்டு பேர் செயலாளரைத் தள்ளிவிட்டு, ரிக்கார்டை மிதித்து உடைத்துவிட்டு ஓடினார்கள். அவர் அப்படித்தான் சொன்னார். துப்பறிவாளரை வைத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அக்கா. மேஸ்திரியை அமர்த்திய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் செயலாளர்.

கடைசி விசாரணை இன்று மூன்று மணிக்கு. இப்போது பதினொன்றரை. அக்காவின் கணவருக்கு நெஞ்செல்லாம் தோல் தூசி. படுத்த படுக்கையாகி இரண்டு வருடமாகிறது. அவரை எந்த வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவது என்பதுதான் அக்காவின் கேள்வி. அதற்குப் பதில் இந்த ஒட்டுகிற அறையில் இருந்தாக வேண்டும்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் மேஸ்திரி.

"நாலு தடவை கேட்டாச்சே சார்."

"அஞ்சாவது கேட்டா காது தேஞ்சிடாது."

ஊசி நகலை ஓடவிட்டார். கணினித் திரையில் சத்தம் பச்சை நிறத்தில் மேடும் பள்ளமுமாக ஓடியது. பெரிய முதலாளியின் கரகரத்த குரல் வந்தது. "இந்தக் குடியிருப்பு நிலத்தைப் பத்தி ஒரு வார்த்தை…" அவ்வளவுதான். பிறகு அந்த இரைச்சல். திரையில் மேடுகளின் தலையை எல்லாம் யாரோ அரிவாளால் சீவியது போல ஒரே மட்டமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தெளிவு, நன்றியுரை, கடைசியில் ஆலைச் சங்கு நீளமாக ஊதி முடிந்தது.

"இந்தச் சீவின மாதிரி இருக்கே, இது என்ன?"

"அதுதான் சார் உடையறது. மெஷினுக்கு ஒரு கூரை உண்டு. சத்தம் அதுக்குக் கீழ இருக்கணும். மேல போச்சுன்னா, போன வரைக்கும் வெட்டிப் போட்டுரும். வெட்டினது வெட்டினதுதான், அப்புறம் எந்த வித்தையாலயும் ஒட்டாது. அதனால லெவல் வைக்கும்போதே உச்சந்தலைக்கும் கூரைக்கும் நடுவுல ஒரு சாண் இடம் விடணும்." தொழிலைப் பேசும்போது ஊசியின் முதுகு நிமிர்ந்தது.

"நீங்க விட்டீங்களா?"

"விடாம? ரிக்கார்டுலயே பெரிய சத்தம் எதுன்னு தேடுவேன். அது கூரையில இடிக்காத மாதிரி இந்தக் குமிழைத் திருப்பி வெப்பேன். அதுக்கப்புறம் குமிழைத் தொடவே மாட்டேன்."

"இதுல பெரிய சத்தம் எது?"

"சங்குதான். ஆலைச் சங்கு."

கண்டக்டர் கையைத் தூக்கினாள். "ஒரு சந்தேகம். எட்டடி ஆள் குனியாம போன வாசல்ல, நாலடி ஆளுக்கு எப்படிங்க தலை இடிச்சுது?"

ஊசி திரையில் சங்கு வந்த இடத்துக்குப் போய் நின்றார்.

"சங்கு உடையல" என்றார் மேஸ்திரி மெதுவாக. "கிழவர் பேச்சு உடைஞ்சிருக்கு. எப்படி?"

"அது… பதிவு பண்ணின அன்னைக்கே, மைக்ல… அன்னைக்கே உடைஞ்சிருக்கலாம் சார். கை தட்டினாங்க இல்ல."

அது நல்ல பதில். மேஸ்திரிக்கு எரிச்சலாக இருந்தது. நாற்பது வருடத்துக்கு முந்தைய மைக்கைக் கூண்டில் ஏற்ற முடியாது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் விரல் ரேகைகள் எண்ணெயாக மின்னின.

"மறுபடி போடுங்க. பேச்சு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால இருந்து."

இந்தத் தடவை அவர் பேச்சைக் கேட்கவில்லை. தோல் கட்டு எண்ணும்போது ஆட்களின் சலசலப்பை விட்டுவிட்டு, கட்டு தரையில் விழும் சத்தத்தை மட்டும் கேட்டுப் பழகிய காது அது. பேச்சுக்கு அடியில் ஒரு சின்னச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. டிக். கொஞ்சம் இடைவெளி. டிக்.

"இது என்ன டிக் டிக்குனு?"

"குறுக்க ஒரு கீறல் சார். ஆணியில தொங்கவிட்டிருக்காங்க பாருங்க, அதுல விழுந்தது. ரிக்கார்டு ஒரு சுத்து வந்தா ஒரு டிக். இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே மாதிரி கேக்கும்."

"ஒரே மாதிரியா?"

"ஒரே கீறல்தானே சார். ஒரே மாதிரிதான்."

"கண்டக்டரம்மா, எண்ணுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கினாள். நெரிசலில் ஆள் எண்ணிய விரல்கள். டிக், டிக், டிக். இரைச்சல் தொடங்கியது. டொக். டொக். டொக். இரைச்சலைப் பிளந்துகொண்டு சுத்தியல் அடித்தது. இரைச்சல் ஓய்ந்தது. டிக், டிக்.

அவள் கண்ணைத் திறந்தாள். "நடுவுல ஆறு டிக் மட்டும் சாப்பாட்டு நேரம் முடிஞ்சு வந்த மாதிரி பலமா இருக்கு."

மேஸ்திரி ஊசியின் பக்கம் குனிந்தார். "கீறல் போன வருஷமோ அதுக்கு முந்தின வருஷமோ ஆணியில விழுந்தது. நாப்பது வருஷத்துக்கு முன்னால மைக்ல விழல. கூட்டம் கை தட்டினா கைதட்டல் பெருசாகும், பேச்சு பெருசாகும். கீறல் ஏன்யா பெருசாகுது? கீறலுக்குக் காது இருக்கா, முதலாளி என்ன சொல்றாருன்னு கேட்டுக் குதிக்கிறதுக்கு?"

ஊசி குமிழைப் பார்த்தார்.

"இந்த ரூம்ல வெச்சு, பதிவு ஓடிக்கிட்டு இருக்கும்போது, ஒரு கை அந்தக் குமிழைத் திருகியிருக்கு. ஆறு சுத்து வரைக்கும் ஏத்தி, அப்புறம் பழைய இடத்துக்கே இறக்கியிருக்கு. உன் கையா?"

"சத்தியமா இல்ல சார்! இந்தத் தொழில்ல உடைஞ்ச சத்தம் என் கடையை விட்டுப் போனதே இல்ல. என் கையை வெட்டிக்குவேனே தவிர…"

"அப்ப யார் கை? ஊசி வெச்சதுல இருந்து எடுக்கிற வரைக்கும் நகரவே மாட்டேன்னு பலகையில எழுதி வெச்சிருக்க."

"நகரல சார். ஒரு நிமிஷம்கூட."

மேஸ்திரி அந்தக் கையைப் பார்த்தார். வலது கையின் இரண்டு விரல்கள் நகம் வரை மஞ்சள். அறையில் சாம்பல் கிண்ணம் இல்லை. இவ்வளவு நாற்றத்துக்கு நடுவிலும் புகை நாற்றம் மட்டும் இல்லை. அவர் கைகழுவப் போகிறவர் போல உள்ளே போய்ப் பின்கதவைத் தள்ளினார்.

இரும்புப் படிக்கட்டு. ஒரு முக்காலி. முக்காலியைச் சுற்றி, மழையில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, கூழாகக் குவிந்து கிடந்த சிகரெட் துண்டுகள். ஒரு மனிதன் ஒரு நாளில் உட்கார்ந்து குவித்ததல்ல அது. வருடக்கணக்கில் குவித்தது. சிலதில் புழு நெளிந்தது. மேஸ்திரி மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"ரிக்கார்டுல ஒரு பக்கம் எவ்வளவு நேரம் ஓடும்?"

"இருபத்தோரு நிமிஷம்."

"அதுல நாலு சிகரெட் பிடிக்கலாமா? மூணா?"

ஊசி நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட இறங்கினார் என்று சொல்லலாம். "உள்ள புகை விடக்கூடாது சார். ஊசிக்கு ஆகாது, ரிக்கார்டுக்கும் ஆகாது. லெவலை வெச்சிட்டா அப்புறம் மனுஷனுக்கு வேலையே இல்ல. அது பாட்டுக்கு ஓடும். இத்தனை வருஷமா ஒண்ணும் ஆனதில்ல."

"கண் எடுக்காமல்" என்று பலகையைப் படித்தாள் கண்டக்டர். "பலகையில பொய் இல்ல மேஸ்திரி. கண்ணை இங்கயே வெச்சிட்டு, உடம்பை மட்டும் வெளிய எடுத்துட்டுப் போயிருக்கார்."

"வெளிய தெரிஞ்சா ஒரு பய எங்கிட்ட ரிக்கார்டு தரமாட்டான் மேடம்."

"எழுபது வீடு இடிஞ்சாலும் பரவாயில்ல, உங்க பலகை விழுந்துடக் கூடாது."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கேலி இல்லை.

"நீ வெளிய இருக்கும்போது உள்ள யார் இருந்தா?" என்று கேட்டார் மேஸ்திரி. முதலாளி பேரனின் ஆள் ஒருவன் கதவைத் திறந்துகொண்டு வருவதை அவர் மனசில் ஏற்கெனவே பார்த்துவிட்டார். "தயங்காம சொல்லு. பேரன் அனுப்பின ஆளா?"

"பேரனை நான் பார்த்ததே இல்ல சார். உங்களை அனுப்பினவர்தான் இருந்தார்."

"யாரு?"

"செயலாளர். 'நீங்க போய்ப் புகைச்சிட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்'னார். ரொம்ப மரியாதையான மனுஷன்."

கண்டக்டர் தலையை ஆட்டினாள். "உளறாதீங்க. அவன் எங்க அக்கா கையால சோறு தின்னு வளர்ந்தவன். அவங்கப்பாதான் அங்க சங்கத்தையே கட்டினவர். இடிக்கப் போற வீட்டுல அவன் வீடும் இருக்கு. அவன் எதுக்குத் தன் கூரையைத் தானே பிரிக்கிறான்?"

"அந்த உடைஞ்ச துண்டைக் காட்டும்மா" என்றார் மேஸ்திரி.

அவள் தோள்பையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து அவிழ்த்தாள். இரண்டு பெரிய துண்டுகள், ஒரு சின்னச் சில்லு. ஊசி அனிச்சையாகக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். திருப்பினார், சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதை மிதிச்சாங்களா?"

"மாடிப்படியில போட்டு மிதிச்சானுங்களாம்."

"மிதிச்சா மண் கீறல் இருக்கணுமே. அந்தப் பழைய ஒரு கீறலைத் தவிர வேற எதுவும் இல்லையே. அதோட, இது வினைல் சார், ஒரு மாதிரி பிளாஸ்டிக். அரக்கு ரிக்கார்டுன்னா கீழ விழுந்தாலே சிதறும். இது வளையும், சுலபத்துல ஒடியாது." அவர் உடைந்த ஓரத்தில் விரலை ஓட்டினார். கறுப்பில் வெள்ளைக் கோடு ஒன்று நீளமாகப் பூத்திருந்தது. "இங்க பாருங்க, வெளுத்திருக்கு. முழங்கால்ல வெச்சு, முன்னாடி பின்னாடி வளைச்சு வளைச்சு ஒடிச்சா மட்டும்தான் இப்படி வெளுக்கும். பொறுமையா உட்கார்ந்து ஒடிச்சிருக்காங்க."

மேஸ்திரிக்கு அந்தப் பொறுமையைத்தான் தாங்க முடியவில்லை. ஆத்திரத்தில் உடைத்தவனை அவர் மன்னித்திருக்கிறார். ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்து, எழுபது குடும்பத்தை முழங்காலில் வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்திருக்கிறான். பிறகு சட்டையைக் கசக்கிக்கொண்டு, தள்ளிவிட்டார்கள் என்று ஓடியிருக்கிறான். அக்கா அவன் முழங்கைக்கு மருந்து போட்டுவிட்டாள்.

"ஏன்?" என்றாள் கண்டக்டர். "அதைச் சொல்லுங்க யாராவது."

"அது உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்?" மேஸ்திரி ஊசியைப் பார்த்தார். "இரு. ரிக்கார்டு அதுவரைக்கும் சுவத்துல தொங்கிச்சு. யாரும் கேட்டதில்ல. அப்படின்னா அதுல எந்த இடத்துல என்ன வருதுன்னு செயலாளருக்கு எப்படித் தெரிஞ்சது? சரியா அந்த இடத்துல குமிழைப் பிடிக்கணும்னா, முன்னாடியே ஒரு தடவை கேட்டிருக்கணும். எங்க கேட்டான்?"

ஊசி உடைந்த துண்டுகளைத் தலையணை உறை மேல் வைத்தார்.

"பெரிய சத்தம் எதுன்னு தேடுவேன்னியே. எப்படித் தேடுவ?"

"முழுசா… ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன் சார்."

"செயலாளர் கூட இருந்து கேட்டாரா?"

"பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார்."

"அந்தக் கிழவர் அந்த இடத்துல என்னதான்யா சொன்னார்?"

"தெரியாது சார். நான் பேச்சைக் கேக்க மாட்டேன். மீட்டர் முள்ளைத்தான் பார்ப்பேன். எங்க ஏறுது, எங்க இறங்குதுன்னு."

கண்டக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஓட்டிப் பார்த்தீங்க. ஓட்டும்போது மெஷின்ல எடுத்தீங்களா, சும்மா ஓட்டினீங்களா?"

ஊசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அட, சொல்லுங்கண்ணே!" அவள் மேஜையைத் தட்டினாள். கோப்பை அசையவில்லை. "உள்ள வெச்சிக்கிட்டுத்தான் முழிக்கிறீங்களா?"

"எடுத்தேன்" என்றார் ஊசி. குரல் உள்ளே போயிருந்தது. "முதல் ஓட்டம்னு பேரு. லெவலை ரொம்ப அடக்கி வெச்சு எடுப்பேன். சத்தம் தாழ்வா இருக்கும், வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியாது. ஆனா எதுவும் உடையாது. அப்படியே மெஷின்ல கிடக்கும்."

"இருந்துமா கொடுக்கல?"

"முதல் ஓட்டம் சுத்தமா இருந்து, ரெண்டாவது ஏன் உடைஞ்சதுன்னு கேட்டா, நான் ரூம்ல இல்லன்னு சொல்லணும்."

மேஸ்திரி பல்லைக் கடித்தார். அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் அந்தச் சட்டையைத் தொட வேண்டியிருக்கும். "போடு" என்றார்.

ஸ்பீக்கருக்குள் காதை வைத்தது போல மூன்று பேரும் குனிந்தார்கள். சுவருக்கு அப்பால் யாரோ பேசுவது போலத் தாழ்ந்து வந்தது குரல். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் முழுசாக இருந்தது.

"இந்தக் குடியிருப்பு நிலத்தைப் பத்தி ஒரு வார்த்தை. அது இனிமே உங்களுக்குத்தான்."

கைதட்டல் வெடித்தது. விசில். யாரோ ஒரு பெண் குலுங்கி அழுதாள். அந்த ஆரவாரத்தில், மேடைக்குக் கீழே நின்ற ஒருவருக்கும் கேட்டிருக்க முடியாது. மைக்குக்கு மட்டும் கேட்டது. முதலாளி நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். டிக். டிக்.

"பேச்சு மட்டும் இல்ல. பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இன்னைக்குக் காலையில உங்க சங்கத் தலைவர் கையில கொடுத்துட்டேன். அவர் உங்களுக்கெல்லாம் காட்டுவார்."

கைதட்டல் அடங்கியது. நன்றியுரை தொடங்கியது.

"காட்டலையே" என்றாள் கண்டக்டர். அவள் முகம் சாம்பலாகியிருந்தது. "அன்னைக்குத் தலைவர் செயலாளரோட அப்பாதான். சாகுற வரைக்கும் யாருக்கும் காட்டலையே. நாப்பது வருஷமா முதலாளி வாய்வார்த்தையை நம்பி… அந்த மனுஷன் செத்தப்போ எங்க அக்கா வீட்டுக்காரர்தானே முன்னால நின்னு பாடையைத் தூக்கினார்."

"அப்பன் காட்டல. மகன் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கான்." மேஸ்திரி கையைத் துடைக்கத் துணி தேடினார், சுத்தமான துணி இல்லை. "நிலம் உங்களுக்குன்னு சொன்னது வெறும் பேச்சு. பேச்சை வெச்சு ஒரு செங்கல்லைக்கூடக் காப்பாத்த முடியாது. பத்திரம்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் வீடு நிக்கும். அது தெரிஞ்சா அடுத்த கேள்வி, அது எங்க?"

ஊசி எழுந்து நின்றார். "சார், இது ரொம்பத் தாழ்வா இருக்கு. அஞ்சு நிமிஷம் கொடுங்க, ஏத்தித் தரேன். பளிச்சுனு இருக்கும்."

"அதுல கை வெச்ச, இந்தப் படிக்கட்டுல உண்மையாவே ரெண்டு பேர் உன்னைத் தள்ளிவிடுவாங்க. எடுத்த மாதிரியே இருக்கட்டும். மெஷினைத் தூக்கு. நீயும் வர்ற."

"நானா? அங்க வந்து என்ன சார் சொல்றது?"

"புகைக்கப் போனேன்னு சொல்லு."

மூன்று மணிக்கு விசாரணைக் கூடத்தில் இடமில்லாமல் சுவரோரம் வரை ஆட்கள் நின்றார்கள். சாயம் ஏறிய கைகள், வெடித்த குதிகால்கள். முன் வரிசையில் செயலாளர் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் கட்டு. அவருக்கு ஒரு பக்கம் அக்கா. எதிர்ப்பக்கம் பேரனும் அவன் வக்கீலும். மேஸ்திரியைப் பார்த்ததும் செயலாளர் எழுந்து ஓடிவந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க வாங்க. அந்த ரவுடிப் பசங்க ரெண்டு பேரும் சிக்கினாங்களா?"

கை ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. மேஸ்திரி தன் கையை உருவிக்கொண்டார். "ரெண்டு இல்ல. ஒண்ணுதான். உட்காருங்க."

ஊசி அதிகாரி முன்னால் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னார். புகைக்கப் போனதைச் சொன்னபோது கூட்டத்தில் யாரோ காறினார்கள். அவர் நிறுத்தவில்லை. உள்ளே இருந்தது யார் என்ற இடத்தில் மட்டும் திக்கினார். மேஸ்திரி குறுக்கிட்டு, "முதல்ல கேட்டுடுங்க ஐயா, ஆளை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். செயலாளர் பாதி எழுந்தார். எழுந்தவரைக் கண்டக்டர் தோளில் கை வைத்து உட்காரவைத்தாள். அவளுடைய கை லேசான கை அல்ல.

"சத்தம் குறைவா இருக்கே" என்றார் அதிகாரி. "மின்விசிறியை நிறுத்துங்க. யாரும் பேசாதீங்க."

விசிறி நின்றது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சங்கத்தைச் சேர்ந்த ஒரு கிழவர் கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டார். நாற்பது வருடத்துக்கு முன் தாங்களே கைதட்டி மூழ்கடித்த வார்த்தைகளை, இன்று ஒரு கை அசையாமல் கேட்டார்கள்.

…உங்க சங்கத் தலைவர் கையில கொடுத்துட்டேன். அவர் உங்களுக்கெல்லாம் காட்டுவார்.

அதிகாரி நிமிர்ந்தார். "அன்னைக்குச் சங்கத் தலைவர் யாரு?"

தலைகள் ஒவ்வொன்றாகச் செயலாளர் பக்கம் திரும்பின.

"அந்தப் பத்திரம் எங்கே?"

செயலாளர் பேரனைப் பார்த்தார். ஒரு நொடிதான். பேரன் சட்டென்று தன் செருப்பைப் பார்த்தான். வக்கீல் கையிலிருந்த பேனாவை மூடினார். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது.

"அவங்க ஒரு வீடு தரேன்னாங்க" என்றார் செயலாளர். யாரும் கேட்காமலே சொன்னார். "பெரிய கட்டடத்துல, நாலாவது மாடியில. பத்திரத்தைக் கொடுத்தா சாவி. நான் இன்னும் கொடுக்கல! சத்தியமா கொடுக்கல. சாவி கைக்கு வந்தாத்தான் தருவேன்னு… வீட்டுலதான் இருக்கு, பெட்டிக்கு அடியில. நானா மறைச்சேன்? அப்பாதான் மறைச்சார். அவர் காட்டாததை நான் எப்படிக் காட்டறது? எங்கப்பா பேர் என்னாகுறது?"

எழுபது வீடுகளும் இத்தனை நாள் நின்றது, ஒரு திருடன் இன்னொரு திருடனை நம்பாததால். மேஸ்திரிக்குத் துப்ப வேண்டும் போல இருந்தது. கூடத்தில் துப்பக்கூடாது என்று எழுதியிருந்தது. விழுங்கிக்கொண்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கிர்ர் என்று இரும்புக் கால் தரையில் இழுபடும் சத்தம். அக்கா எழுந்து நின்று, தன் நாற்காலியைச் செயலாளர் பக்கத்திலிருந்து இழுத்து, நாலடி தள்ளிப் போட்டு, உட்கார்ந்தாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து மறுபக்கத்துக் கிழவர் இழுத்தார். பிறகு பின் வரிசை. கிர்ர், கிர்ர் என்று கூடம் முழுக்க நாற்காலிகள் நகர்ந்தன. சத்தம் ஓய்ந்தபோது நடுவில் வெறும் தரையும், வெள்ளைச் சட்டையும் மட்டும் இருந்தன.

"தம்பி" என்றாள் அக்கா. முகத்தை அதிகாரியின் பக்கமே வைத்துக்கொண்டு சொன்னாள். "எந்திரி. போய் எடுத்துட்டு வா. தனியா போகாத, நாலு பேர் கூட வருவாங்க."

செயலாளர் எழுந்தார். நாற்காலிக் காலில் தடுக்கினார். தாங்கிப் பிடிக்க ஒரு கையும் நீளவில்லை.

"பெட்டி அடியில கரையான் இருக்கும்" என்றாள் அக்கா. "பார்த்து எடு."